பகல் மேளமும் இரவுக் கச்சேரியும்: நேரடி இசைப்பதிவின் வரலாறு, தளியிலிருந்து

மேடை இசையை நிகழும்போதே பதிவுசெய்யும் கலையைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை பெரும்பாலும் சென்னைச் சபாக்களைச் சுற்றியே அமைந்துவிட்டன. மார்கழி, டிசம்பர், பழைய நாடாச்சுருள், அதைப் பாதுகாத்த ரசிகர் என்று அந்த வரலாறு ஓர் ஒழுங்கில் சொல்லப்பட்டுவருகிறது. கர்நாடக எல்லையை ஒட்டிய தளியிலிருந்து நோக்கும்போது அவ்வொழுங்கு சற்றுக் குலைந்தே தென்படுகிறது.

தேன்கனிக்கோட்டை வட்டத்தில் உள்ள தளியை அதன் குளிர்ச்சி கருதி 'லிட்டில் இங்கிலாந்து' என்று ஆங்கிலேயர் அழைத்ததாக உள்ளூரார் பெருமையுடன் சொல்வார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் ஊர். வடக்கே ஓசூரின் தொழிற்சாலைகள். தெற்கே யானைக் காடு. இப்பகுதித் திருவிழாக்களில் இருவகை இசையைக் கேட்கலாம். பகலில் சாமி புறப்படும்போது நாதசுரமும் தவிலும், சில ஊர்களில் பம்பையும் பறையும். இரவில் மேடை போட்டு 'ஆர்க்கெஸ்ட்ரா'. ஒரே பாடகர் மூன்று மொழிகளிலும் சினிமாப் பாட்டுப் பாடுவார். இரவு மேடைக்கு எதிரே இப்போது டிஜிட்டல் மிக்சர் வைத்திருக்கிறார்கள்; முப்பத்திரண்டு சேனல்களும் தனித்தனியே பதிவாகின்றன; இரண்டு மூன்று கேமராக்கள் சுழல்கின்றன. பகல் மேளத்துக்குக் கிடைப்பது யாரோ ஒருவர் உயர்த்திப் பிடித்த கைப்பேசி மட்டுமே. ஒரே ஊர், ஒரே நாள், ஒரே சாமி. ஆயினும் பதிவில் இந்த வேறுபாடு எப்படி நேர்ந்தது? நாம் இங்கே பேச முற்படுவது இதைப் பற்றித்தான்.

இசைக்குழுவின் கருவிகளை வரிசைப்படுத்தி எழுதிவைப்பது நமக்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் தொடங்குவதே அப்படியொரு பட்டியலுடன்தான். முழவு, ஆகுளி, பாண்டில், கோடு, தூம்பு, குறுந்தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை என்று அது நீள்கிறது. பாட்டுடைத் தலைவனான நன்னனின் செங்கண்மா இன்றைய செங்கம். கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை வழியாகப் போனால் வந்துவிடும். அப்பாட்டில் வரும் 'கலப்பை' உழும் கருவியன்று. இசைக்கலங்களை இட்டுக் கட்டிய பை. (வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் மாணவர் முகத்தில் ஒரு சிரிப்பு எழும், இன்று அவர்களுடைய நண்பர்கள் தோளில் மாட்டிச் செல்லும் கிதார்ப் பையும் கலப்பைதான்.) புலவர் கருவியின் பெயரோடு நிற்கவில்லை. ஒவ்வொன்றும் எவ்வாறு ஒலிக்கும், எதன் ஓசை எதனோடு இயையும் என்றும் குறிப்புத் தருகிறார். ஒலியமைப்பாளர்கள் நிகழ்ச்சிக்கு முன் வாங்கிக்கொள்ளும் சேனல் பட்டியலும் இதே வேலையைத்தான் செய்கிறது. எது எங்கே நிற்கும், எதற்கு எந்த மைக் என்ற கணக்கு அது. அந்தப் பத்துக் கருவிகளின் பெயர்கள் நமக்குக் கிடைத்துவிட்டன, ஒலி கிடைக்கவில்லை.

ஒலியைப் பிடித்துவைக்கும் கருவி வந்தபோதும் அது மேடையை நோக்கி வரவில்லை. மேடையைத் தன்னை நோக்கி வரச்சொன்னது. 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவுசெய்தார். தற்காலிக அறை, புனல், மெழுகுத் தட்டு, மூன்று நிமிடச் சொச்சம். அடுத்த சில ஆண்டுகளில் தென்னிந்தியப் பாடகிகள் பலரும் அப்புனலின் முன் நின்றனர். பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களில் ஒருவர். சேலம் கோதாவரி இன்னொருவர். தளியும் ஓசூரும் அன்று சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. தருமபுரி தனி மாவட்டமானது 1965-இல், கிருஷ்ணகிரி 2004-இல். ஆகவே சேலம் கோதாவரியை நம் மாவட்டத்தின் முதல் தலைமுறை இசைத்தட்டுக் கலைஞர் என்று உரிமை கொண்டாடலாம்.

புனலுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. பெரிய தோற்கருவிகளின் அதிர்வை அதனால் தாங்க முடியாது. ஊசி தடம் மாறிவிடும். எனவே தாளக் கருவிகளைத் தள்ளி உட்காரவைத்தார்கள். மின் மைக் 1925-இல் வந்த பிறகே இந்நிலை மாறத் தொடங்கியது. அதாவது பதிவின் முதல் கால் நூற்றாண்டில் தோல்கருவி என்பதே ஒரு தொந்தரவாகக் கருதப்பட்டது. பகல் மேளம் வெளியே நின்றதற்கான முதல் காரணம் சாதியோ சந்தையோ மட்டுமன்று, ஒரு புனலின் பலவீனமும்கூட. ஆனால் புனல் போன பிறகும் அவ்விலக்கம் தொடர்ந்தது என்பதை மறக்கலாகாது.

உண்மையான மேடைப்பதிவுக்கு முதல் முயற்சிகளில் ஒன்று நியூயார்க்கில் நடந்தது. மெட்ரோபாலிட்டன் ஆப்பெரா அரங்கின் நூலகரான லயனல் மேப்பிள்சன் 1901-க்கும் 1903-க்கும் இடையே நிகழ்ச்சிகள் நடக்கும்போதே உருளைகளில் அவற்றைப் பதிவுசெய்தார். ஓர் உருளைக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம். கரகரப்பும் இரைச்சலும் நிறைந்த அவ்வுருளைகளில், தொலைவில் எங்கோ ஒரு பாடகி. அவள் முடித்ததும் எழும் கைதட்டல். அதுவரை எந்த அறைப்பதிவிலும் இல்லாத ஒன்று அந்தக் கைதட்டல்.

நம் எல்லைக்கு அப்பால், மைசூரில், வேறொரு கதை. உளவியல் பேராசிரியர் எம்.வி. கோபாலசாமி 1935-இல் அங்கே தொடங்கிய சிறு வானொலி நிலையத்துக்கு 'ஆகாசவாணி' என்று பெயர். பின்னாளில் நாடு முழுமைக்குமான பெயராக அது ஆயிற்று. அதே மைசூரின் மகாராஜா ஜயசாமராஜ உடையார் 1940-களின் இறுதியில் இலண்டனில் வாழ்ந்த ரஷ்ய இசைமேதை நிக்கோலாய் மெட்னரின் படைப்புகளை இசைத்தட்டில் பதிப்பிக்கப் பொருளுதவி செய்தார். மெட்னர் தம் மூன்றாம் பியானோ கான்செர்ட்டோவை மகாராஜாவுக்கே காணிக்கையாக்கினார். நல்ல காரியம்தான். ஆனால் அதே கொடையில் ஒரு சிறு பங்கு மைசூரைச் சூழ்ந்த ஊர்களின் மேளங்களுக்கும் கிடைத்திருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடிவதில்லை.

அம்மேளங்களைத் தேடிவந்தவர் ஒரு டச்சுக்காரர். ஆர்னால்ட் பாகே 1930-களின் இறுதியில் தென்னிந்தியாவில் பயணம் செய்து சடங்கிசையையும் கூத்தையும் நடனத்தையும் பதிவுசெய்தார். அவரிடம் ஒலிப்பதிவுக் கருவியும் இருந்தது, ஊமைப்படக் கேமராவும் இருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று பிணைக்கப்படாதவை. படத்தில் கை அடிக்கும். ஒலி வேறொரு கணத்தினுடையதாக இருக்கும். பாகே 1963-இல் மறைந்தார். அவருடைய மாணவரான நசீர் ஜைராஸ்பாயும் ஏமி காட்லினும் 1984-இல் அப்பதிவுகளின் படிகளை எடுத்துக்கொண்டு, இம்முறை வீடியோ கேமராவுடன், தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றிலும் அதே இடங்களுக்குத் திரும்பிச் சென்றனர். தம் முன்னோர் ஆடியதையும் பாடியதையும் ஊரார் கண்டனர், கேட்டனர். எது மாறியது, எது நிலைத்தது, எது அழிந்தது என்று அப்பயணம் காட்டியது. நேரடிப் பதிவு என்பதன் பயன் என்ன என்று எவரேனும் கேட்டால் நாம் சுட்டுவது இந்த ஒன்றைத்தான். பதிவு எடுத்தவர் பெயர்களையும் ஊர்களையும் குறித்துவைத்திருந்ததால் அல்லவா, அரை நூற்றாண்டுக்குப் பிறகு ஒருவர் அதே தெருவுக்குத் திரும்ப முடிந்தது!

இரவு ஆர்க்கெஸ்ட்ராவின் முன்னோர் யார்? 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் பாடிய பாவலர் வரதராசனை அவ்வரிசையில் முன்னால் வைக்கலாம். அதுவும் ஓர் எல்லைப்பகுதி. தமிழும் மலையாளமும் உரசிக்கொள்ளும் மலை. பின்னர் அவருடைய தம்பியர் கூடச் சேர்ந்து ஊர்ஊராகப் போன கச்சேரிகளை இன்று நாம் பெரும்பாலும் அத்தம்பியரின் நினைவுகள் வழியாகவே அறிகிறோம். நாடாப்பதிவுக் கருவி உலகில் இருந்தது, அம்மேடையருகில் இல்லை.

பலதடப் பதிவு வந்த பிறகு மேலைநாட்டில் மேடைப்பதிவு ஒரு தனித் தொழிலாயிற்று. ஒவ்வொரு மைக்கும் நாடாவில் தனித்தடத்தில் விழும். பிறகு அறையில் வைத்து அளவு பார்த்துக் கலக்கலாம். 1971 ஆகஸ்டு 1 அன்று நியூயார்க்கில் நடந்த பங்களாதேஷ் நிதிக் கச்சேரி அவ்வாறு பதிவானதே. ரவிசங்கரும் அலி அக்பர் கானும் சுருதி சேர்த்து முடித்ததும், அதையே ஒரு இராகமாகக் கருதி அரங்கம் கைதட்டியது இசைத்தட்டில் இன்றும் கேட்கிறது. ஸ்டூடியோவில் இப்படி ஒரு கணம் நேரவே நேராது. நேர்ந்தாலும் வெட்டி எறிந்துவிடுவார்கள்.

இந்தியாவில் ஒரு பேண்டின் முழு இசைத்தொகுப்பே மேடைப்பதிவாக வந்தது 1997-இல். 'இந்தியன் ஓஷன்' குழு அவ்வாண்டின் முதல்நாள் சப்தர் ஹாஷ்மி நினைவாக 'சஹமத்' தில்லியில் நடத்திய நிகழ்ச்சியில் வாசித்தது. அதுவே 'டெசர்ட் ரெயின்' ஆயிற்று. ஆசீம் சக்ரவர்த்தி தபலா வாசித்தபடியே பாடுவார். ஒரே மனிதரின் குரலும் கையும் ஒரு கணத்தில் சேர்வதைத் துண்டு துண்டாகப் பதிவுசெய்து ஒட்டினால் என்ன மிஞ்சும் என்பதை அதைக் கேட்டவர்கள் அறிவார்கள்.

இனி டிஜிட்டல் மிக்சர். யமாஹாவின் டிஎம்பி7 1987-இல் வந்தது, 02ஆர் 1995-இல். இவை பெரும்பாலும் ஸ்டூடியோவின் கருவிகள். 2005-இல் டிஜிடிசைன் நிறுவனத்தின் 'வென்யூ' மேடை மிக்சரையும் பலதடப் பதிவையும் ஒன்றாக்கியது. ஆனால் சிற்றூர் மைக்செட்காரர்களை எட்டிய மாற்றம் 2012-இல் நிகழ்ந்தது. பெஹ்ரிங்கர் எக்ஸ்32 சுமார் 3,000 டாலர் அளவில் வெளிவந்தது. ஒரு யுஎஸ்பி கம்பியைக் கணினியில் செருகினால் முப்பத்திரண்டு சேனல்களும் தனித்தனியே இறங்கும். முன்பு இதற்கு ஒரு லாரி நிறையக் கருவிகள் வேண்டியிருந்தன.

கணக்கு எளிது. ஒரு நொடிக்கு 48,000 மாதிரி, மாதிரிக்கு மூன்று பைட், முப்பத்திரண்டு சேனல். ஒரு மணி நேரத்துக்கு 16 ஜிபிக்குச் சற்று மேல். மூன்று மணி நேரத் திருவிழாக் கச்சேரி ஐம்பது ஜிபியில் அடங்கிவிடும். இன்று அது சட்டைப்பையில் போடும் பொருள்.

படத்தோடு இணைப்பதில்தான் சிக்கல். மேடையிலிருந்து முப்பத்து நான்கு மீட்டர் தள்ளி நிற்கும் கேமராவுக்கு ஒலி பத்தில் ஒரு நொடி தாமதமாகவே போய்ச்சேரும். நொடிக்கு இருபத்தைந்து சட்டகம் என்றால் இரண்டரைச் சட்டகம் பிந்தும். மிக்சரின் ஒலியோ மைக்கருகிலேயே எடுக்கப்பட்டது, தாமதம் இல்லை. இரண்டையும் பொருத்த வேண்டும். பொருத்தினாலும் ஆயிற்றா? கேமராவின் கடிகாரமும் மிக்சரின் கடிகாரமும் பத்து லட்சத்தில் இருபது பங்கு வேறுபட்டால்கூட, ஒரு மணி நேர முடிவில் ஏறத்தாழ இரண்டு சட்டகம் விலகிப்போகும். தவில்காரரின் கை தோலில் படுவதற்குமுன் ஒலி வந்துவிடும். பாகேயின் பழைய துன்பம், வேறு உருவில். தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று எனக் கேமராவுக்குத் தெரிய இருமுறை கைதட்டிவைப்பது நல்ல வழக்கம். பல குழுக்கள் இதைச் செய்கின்றன.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்றுண்டு. மிக்சர் தன்னிடம் செருகப்பட்டதை மட்டுமே கேட்கும். சிறு மேடையில் டிரம்ஸ் தானே போதிய சத்தம் தருவதால் அதற்கு மைக்கைக் குறைத்துவைப்பார்கள். ஆகவே பதிவில் டிரம்ஸ் மெலிந்தும் குரல் பெருத்தும் இருக்கும். நேரில் கேட்டவர்க்கு அன்று நிகழ்ந்தது அதுவன்று. கூட்டத்தை நோக்கி இரண்டு மைக் வைத்தால் பாதிக் குறை தீரும். வைப்பவர் சிலரே. விளைவு, திருவிழாவில் ஐயாயிரம்பேர் நடுவே எடுத்த பதிவும் பூட்டிய அறையில் எடுத்தது போலவே ஒலிக்கிறது.

இங்கே ஒரு வேடிக்கை. 1980-களிலும் 90-களிலும் கல்யாண வீடியோ எடுத்தவர்கள் விஎச்எஸ் கேமராவின் மேலேயே பொருத்திய ஒற்றை மைக்கைத்தான் நம்பினார்கள். தொழில்நுட்பத்தில் அது மிகத் தாழ்ந்தது. ஆனால் அந்நாடாக்களில் பந்தலுக்கு வெளியே ஓடும் ஜெனரேட்டர், தெலுங்கில் யாரையோ திட்டும் பாட்டி, கன்னடத்தில் பதில், நடுவே நாதசுரம் எல்லாம் உண்டு. இவ்வூரில் மூன்று மொழிகள் ஒன்றோடொன்று எப்படிப் புழங்கின என்று நாளை ஆராய விரும்புபவர்க்கு, துல்லியமான முப்பத்திரண்டு தடங்களைவிட இந்த ஒற்றைத் தடமே அதிகம் சொல்லும் என்பது நம் கருத்து. ஒலிப்பொறியாளர்கள் இதை ஒப்பமாட்டார்கள்.

செருகப்படாததைச் செருகினால் என்ன ஆகும் என்பதற்கும் அண்மைச் சான்று உண்டு. 2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முறை மேடையேறியது. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்த்துருவாக்கிய குழு. கானாப் பாடகர்கள், ராப் பாடகர்கள், கிதார், டிரம்ஸ். அவற்றுக்கு இணையாகப் பறையும் சட்டியும். அவற்றுக்கும் மைக், அவற்றுக்கும் கேமரா. தெருவிலும் சாவு வீட்டிலும் ஒலித்ததால் 'பதிவுக்கு உரியதன்று' என்று நூறாண்டு ஒதுக்கிவைக்கப்பட்ட கருவி, கிதாரைப் போலவே ஒரு சேனலைப் பெற்றது. மேடையின் அரசியலைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. ஒலிக்கலவையின் அரசியலைப் பற்றிப் பேசியவர் குறைவு. பறையைக் கலவையில் எவ்வளவு உயர்த்துவது என்பது காதால் மட்டும் எடுக்கப்படும் முடிவன்று.

தளிப் பகுதியின் பகல் மேளத்துக்கு இது ஏன் வரவில்லை? நடைமுறைக் காரணங்கள் உண்டு. மேளம் நடக்கிறது, மிக்சர் நடக்காது. பல்லக்கின் பின்னால் போகும் பம்பைக்காரருக்கு மைக் மாட்டுவது எளிதன்று. ஆயினும் இப்போது கையடக்கப் பதிவுக் கருவிகள் கிடைக்கின்றன. ஒரு ஜோடி மைக்குடன் ஒருவர் கூடவே நடந்தால் போதும். தடை கருவியில் இல்லை. இரவுக் கச்சேரியைப் பதிவுசெய்வதன் நோக்கம் அடுத்த ஊரில் வாய்ப்புப் பெறுவது. வீடியோவைக் காட்டித்தான் கமிட்டியிடம் பேரம் பேசுகிறார்கள். பகல் மேளம் முறைக்காரர்களுடையது. அதற்கு விளம்பரம் எதற்கு என்பது ஊரின் எண்ணம். முறை அறுந்த பிறகு யாரிடம் கேட்பது என்று எவரும் எண்ணுவதில்லை.

இரவுப் பதிவுகளும் பத்திரமாக இல்லை என்பது இதன் மறுபக்கம். பாடுவது சினிமாப் பாட்டு. இணையத்தில் ஏற்றினால் உரிமைக்காரரின் தானியங்கி வலையில் சிக்கி ஒலி ஊமையாக்கப்படுவதுண்டு. படம் ஓடும், வாய் அசையும், பாட்டு வராது. மறுபுறம், நிகழ்த்துவோர்க்கும் ஓர் உரிமை உண்டு என்று 1994-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைத் திருத்தம் சொல்கிறது. 1999-இல் அதன் காலம் ஐம்பதாண்டாக உயர்ந்தது. தம் வாசிப்பைப் பதிவுசெய்யத் தம் இசைவு வேண்டும் என்பதை அறிந்த தவில்காரரையோ ரிதம்பேடு வாசிப்பவரையோ இப்பகுதியில் நாம் இன்னும் சந்திக்கவில்லை.

ஆவணக்காப்பகங்கள் இல்லாமல் இல்லை. 1982-இல் புனேயில் தொடங்கப்பெற்று இன்று குருகிராமில் இயங்கும் இசையியல் ஆவண மையம் பாகேயின் பதிவுப் படிகளையும் வைத்திருக்கிறது. ஆனால் தளிக்கும் குருகிராமுக்கும் இடையே நீண்ட தொலைவு. இப்பகுதியை ஆண்ட தகடூர் அதியமான்மேல் நடந்த போரைப் பாடிய 'தகடூர் யாத்திரை' முழுநூலாக இருந்தது. இன்று புறத்திரட்டு முதலியவற்றில் எஞ்சிய சில பாடல்களே உள்ளன. எவரோ ஒருவர் தமக்குப் பிடித்தவற்றைத் தொகுத்து, இது இன்ன நூல் என்று குறித்துவைத்ததால் அவையேனும் பிழைத்தன.

அண்மையில் ஓர் ஆர்க்கெஸ்ட்ராவின் வன்தட்டைத் திறந்து பார்க்க வாய்த்தது. மூன்றாண்டுக் கச்சேரிகள் அதில் இருந்தன. கோப்புறைகளுக்குத் தேதியும் எண்ணும் மட்டுமே பெயர். உள்ளே 'கீஸ் 1', 'கீஸ் 2', 'பேடு', 'டோலக்', 'மேல் வோக்கல்', 'ஃபீமேல் வோக்கல்' என்று தடங்கள். ஊர்ப்பெயர் இல்லை. வாசித்தவர், பாடியவர் பெயர்கள் இல்லை. டோலக் தடத்தைத் தனியே ஒலிக்கவிட்டோம். அற்புதமான கை. யாருடையது என்று குழுத் தலைவரைக் கேட்டோம். அந்த ஆண்டு மூன்று பேர் மாறி மாறி வந்தார்கள், ஒருவர் ஆனேக்கல்லிலிருந்து, இன்னொருவர் தருமபுரிப் பக்கம், மூன்றாமவர் பெயர் நினைவில்லை என்றார். மூவரில் யார் என்று தெரியவில்லை. அவரும் கேட்டுப்பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அத்தடத்தை மட்டும் படியெடுத்துக்கொண்டு, தேதியைக் குறித்துக்கொண்டு, ஆனேக்கல்லில் முதலில் விசாரிப்பதென்று முடிவுசெய்திருக்கிறோம்.